வேலு நின்ற இடம்

எண்ணெயின் சத்தம் முதலில் வந்தது, வாசனை பின்னால் வந்தது. விருதுநகர் ஸ்டேஷனை விட்டு வெளியே வந்து, எந்தப் பக்கம் திரும்புவது என்று நான் யோசிப்பதற்குள் மூக்கு முடிவெடுத்துவிட்டது. தெருமுனைக் கடையில் அகலமான கல். அதன் குழிவில் எண்ணெய் தளும்ப, வட்ட வட்டமாகப் பரோட்டாக்கள் மிதந்து பொரிந்துகொண்டிருந்தன. அந்தப் பொரியலில் ஒரு குரல் இருந்தது. "மத்த ஊர்க்காரன் பரோட்டாவச் சுடுறான். நாமதாம்லே பொரிக்கோம்" என்று முப்பது வருடம் முன்பு இதே வாசனைக்குள் நின்று பீற்றிக்கொண்ட குரல்.

வேலுச்சாமி. அவன் போய் எட்டு மாதம்.

பெஞ்சில் எனக்கு எதிரே கடலை எண்ணெய் வியாபாரி போல ஒருவர் உட்கார்ந்திருந்தார். நான் பிய்த்துப் போட்ட பரோட்டாவின் மேல் சால்னா ஊற்றச் சொல்லித் தானே ஆளைக் கூப்பிட்டார். இந்த ஊரில் எதிரே உட்கார்ந்தவனின் இலைக்கும் நாம்தான் பொறுப்பு.

"வெளியூரா?"

"குன்னூர்."

"அங்கன குளிருமே. சித்திரைல இங்கன வேகவா வந்தீக?"

"ஒரு கேதம் கேக்க வந்தேன். சிநேகிதன்."

அவர் முகம் மாறியது. "அடடா. எப்ப தவறினாரு?"

"போன ஆவணி."

வாய்க்குப் போன கை பாதியில் நின்றது. விரல்விட்டு எண்ணினார். "எட்டு மாசங் கழிச்சா கேதம் கேக்க வாறீக?" அதில் கோபம் இல்லை, நிஜமான ஆச்சரியம் இருந்தது. சாப்பிட்டுக் கை கழுவிப் போகும்போது, வேறொன்றும் தோன்றாதவராக, "சரி, இப்பயாச்சும் வந்தீகளே" என்றார். நாலு பரோட்டா சொல்லியிருந்தேன். ஒன்றரைக்கு மேல் இறங்கவில்லை.

எட்டு மாதக் கதையை இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

என் அப்பா ஆலங்குளம் சிமெண்ட் ஆலையில் வேலை பார்த்தார். நான் அங்கே பள்ளிக்கூடம் போனேன், பிறகு விருதுநகரில் கல்லூரி. இரண்டு இடத்திலும் என் பக்கத்து இடம் வேலுவுடையது. அப்பா ஓய்வு பெற்றதும் நான் ஊர் ஊராகப் போய்க் கடைசியில் மலையில் ஒதுங்கினேன். அவன் சிவகாசிப் பக்கத்து நாரணாபுரத்துக்குப் போனவன், அதை விட்டு அசையவில்லை. பட்டாசு ஆலையில் சுமை தூக்கும் வேலையில் ஆரம்பித்து, மருந்துக் கலவைக்குப் போர்மேன் ஆனான். இங்கே வெடிமருந்தை வெறும் 'மருந்து' என்றுதான் சொல்வார்கள். அந்தச் சொல்லை முதல்முறை கேட்கிற வெளியூர்க்காரன் யாருக்கோ உடம்பு சரியில்லை என்று நினைத்துக்கொள்வான்.

போன ஆவணியில் ஒரு காலைப் பொழுதில் அவன் வேலை பார்த்த ஆலையில் ஓர் அறை வெடித்தது. வேலுவும் மூன்று பெண்களும் செத்துப்போனார்கள். மத்தியானம் குன்னூர் பேக்கரி ஒன்றின் டிவியில் பார்த்தேன். ஊர்ப் பெயர், 'நால்வர் பலி', புகை. அவன் நம்பருக்குப் போட்டேன். மணியே அடிக்கவில்லை.

அன்று காலை அதே நம்பரில் அவனோடு பேசியிருந்தேன். போனை வைத்த சில நிமிடங்களில்தான் அது நடந்திருக்கிறது. அதனால்தான் போகவில்லை. போகாததற்கு அன்றைக்கு ஒரு காரணம் சொல்லிக்கொண்டேன், மறுநாள் வேறொன்று. காரணங்கள் தீர்ந்தபோது கூச்சம் மிச்சமிருந்தது, அதைப் பிடித்துக்கொண்டேன்.

பத்து நாளைக்கு முன்பு வேலுவின் மனைவி முத்துலட்சுமி போன் செய்தாள். நலம் விசாரிக்கவில்லை. எழுதி வைத்துப் படிப்பதுபோல் பேசினாள்.

"அண்ணே, அவுக கடைசியாப் பேசினது உங்ககிட்டத்தான். போலீசு காட்டின காகிதத்துல உங்க நம்பர்தான் கடைசி. எனக்கு அப்பயே தெரியும், நான் ஒண்ணும் கேக்கல. இங்கன என்ன பேசுறாகன்னா, போர்மேன் போன உள்ள கொண்டுட்டுப் போயிப் பேசினான், அதான் வெடிச்சிருச்சுங்காக. செத்த மூணு பொம்பளைகளும் எங்க தெருதான். பங்குனிப் பொங்கலுக்குக் கோயில்ல எம்பானைய வரிசைல வைக்க விடல. நீங்க வந்து ஒரு வார்த்தை சொல்லணும். உங்ககூடப் பேசுறப்ப அவுக உள்ள நின்னாகளா, வெளிய நின்னாகளா. அம்புட்டுத்தான்."

பட்டாசு ஆலையில் செல்போன் வாசலைத் தாண்டக் கூடாது. தீப்பெட்டி, பீடி, செருப்பு எதுவும் கூடாது. வெறுங்காலோடு போய், அறை வாசலில் பதித்திருக்கும் செம்புத் தகட்டை உள்ளங்கையால் தொட்டு, உடம்பில் ஏறியிருக்கும் மின்சாரத்தை இறக்கிவிட்டுத்தான் உள்ளே நுழைய வேண்டும். பருத்திச் சட்டைதான் போட வேண்டும். போர்மேன் ஒருவன் போனோடு உள்ளே போனான் என்பது, மாலை போட்டவன் சாராயம் குடித்துவிட்டுப் படியேறினான் என்பது போன்ற பேச்சு. அவன் பெண்டாட்டி பானையைத் தனியே வைத்தால் போதும் என்று தெரு நினைத்ததில் ஆச்சரியமில்லை. அந்தப் பேச்சு உண்மையாக இருந்திருந்தால்.

'வெளியேதான்மா நின்றான்' என்று போனிலேயே சொல்லியிருக்கலாம். "வாரேன்" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டேன்.

விருதுநகரில் இரவு தங்கி, மறுநாள் காலை சிவகாசி பஸ். ஜன்னல் கம்பியில் கை வைத்தால் சுட்டது. எங்கள் மலையில் தீப்பெட்டியைப் பால் காய்ச்சிய அடுப்பின் ஓரத்தில் வைத்துக் காயவைப்போம், அப்படியும் நாலு குச்சிக்கு ஒன்றுதான் பிடிக்கும். இங்கே காற்றே உரசிவிட்ட குச்சி. சாலையின் இருபுறமும் கரிசல் மண் வாய் பிளந்து கிடந்தது. வேலிக்கருவேலின் பச்சையைப் பார்த்தால் கண் குளிரவில்லை, உறுத்தியது.

திருத்தங்கலுக்குக் கொஞ்சம் முன்னால் பஸ் இரண்டு முறை இருமிவிட்டு நின்றது. டிரைவர் இறங்கி எதையோ திறந்து பார்த்துவிட்டுச் சட்டையைக் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டார். அதைப் பார்த்ததுமே எல்லோரும் இறங்கிவிட்டார்கள். சட்டையைக் கழற்றிய டிரைவர் சீக்கிரம் வண்டி எடுக்க மாட்டார் என்பது இவர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

ஆலைக்குப் போகிற பெண்கள் சாலையோரம் நின்றார்கள். கையில் தூக்குவாளி. நகக்கண்களில் அலுமினியத் தூள், எத்தனை தேய்த்தும் போகாத வெள்ளி. அடுத்த பஸ் வராத கோபத்தை என் கையிலிருந்த குடை மீது இறக்கினாள் ஒருத்தி.

"ஏட்டி, இங்க பாரு. சித்திரைல கொடை."

"வெயிலுக்குங்க" என்றேன்.

"வெயிலுக்குன்னா விரிக்கணும்லா. இடுக்கிக்கிட்டு நிக்கீக. மழையக் கிழையக் கூப்பிட்டுறாதீக அய்யா. மருந்து காயலன்னா எங்களுக்கு வேல இல்ல."

இன்னொருத்தி, "விடுடி, அவரு கொடைய விரிச்சா நாலு பேரும் உள்ள வந்துருவமோன்னு பயப்படுதாரு" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துக் குடையை விரித்தேன். நிஜமாகவே ஒரு பெண் உள்ளே வந்து நின்றுகொண்டாள். இருபத்தைந்து இருக்கலாம். மினி பஸ் வந்ததும் ஓடிப்போய் ஏறினாள். அவள் நின்ற இடத்தில் கந்தக வாசனை கொஞ்ச நேரம் நின்றது.

மினி பஸ்ஸில் எனக்கு இடமில்லை. பைக்கில் வந்த ஒருவர், "நாரணாபுரமா? ஏறுங்க, அந்தப் பக்கந்தான்" என்றார். ஹேண்டில்பாரைப் பிடித்திருந்த அவருடைய விரல்களில் சிவப்பும் நீலமும் ஊறியிருந்தன. திருத்தங்கலில் அச்சகத்தில் மிஷின் ஓட்டுகிறார். பட்டாசுப் பெட்டிக்கு ஒட்டுகிற லேபிள் அடிக்கிறார்களாம்.

"தீவாளி லேபிள் ஓடுது சார். எங்களுக்குத் தீவாளி சித்திரையிலயே பாதி முடிஞ்சிரும். அன்னைக்குக் காலைல எந்திரிச்சா, இன்னுமா இவனுக கொண்டாடலன்னு இருக்கும்."

சிரித்தேன். நல்ல மனிதர். காற்றில் கத்திக் கத்தி ஊரைக் காட்டிக்கொண்டே வந்தார். நாரணாபுரத்துக்குச் சாலை பிரியும் விலக்கு நெருங்கும்போது இடது கையை நீட்டினார்.

"அந்தா தெரியுது பாருங்க, கருவேலுக்கு அங்கிட்டு. போன வருசம் அதுலதான் நாலு பேரு போயிட்டாக. போர்மேன் உள்ள போன் பேசினானாம்ல. ஒரு ஆளு புத்தியில்லாமப் பண்ணினதுக்கு மூணு பொம்பளைக."

பின்சீட்டில் இருந்தேன். அவர் காதுக்கும் என் வாய்க்கும் ஒரு முழ தூரம் இருக்காது. இல்லை என்று சொல்ல வேண்டியதுதான் பாக்கி. அந்த ஒரு சொல்லுக்காகத்தான் இத்தனை தூரம் வந்திருந்தேன். "ம்" என்றேன். காற்றில் அது அவருக்குக் கேட்டிருக்காது. எனக்குக் கேட்டது.

முத்துலட்சுமி வாசலில் நின்றிருந்தாள். "வாங்கண்ணே. பஸ்ஸு நின்னு போச்சாமே" என்றாள். ஊருக்குள் செய்தி எனக்கு முன்னால் வந்திருந்தது. எட்டு மாதத்தில் அவள் இளைக்கவில்லை. இறுகியிருந்தாள். வீட்டுக்குள் காகிதக் குழல்கள் கட்டுக் கட்டாக அடுக்கியிருந்தன. வேறோர் ஆலைக்காக வீட்டிலிருந்தே உருட்டி ஒட்டுகிறாள். மகள் மதுரையில் ஹாஸ்டலில் படிக்கிறாள். சுவரில் வேலு. போட்டோவுக்காகச் சிரிப்பை அடக்கி அடக்கி, ஏதோ கோபக்காரன் போல விழுந்திருந்தான்.

"மொதல்ல சாப்பிடுங்க."

சோறும் கருவாட்டுக் குழம்பும், கத்திரிக்காய் போட்டது. குழம்பு நாக்கைச் சுட்டது. வாசலில் ஒரு பெண் குடத்தோடு போனாள். இந்தப் பக்கம் திரும்பாமல் போக வேண்டுமென்றே கழுத்தை ஒரு மாதிரி வைத்துக்கொண்டு போனாள். முத்துலட்சுமி அதைப் பார்த்தாள். நான் பார்த்ததையும் பார்த்தாள்.

"எதிர்வீட்டுக்காரி. எம்மக சடங்குக்கு மூணு நாள் எங்கூட அடுப்படில கெடந்தா. இப்ப இப்படித்தான் போவா" என்றாள். "அவள ஒண்ணும் சொல்ல முடியாதுண்ணே. அவ வீட்டுல ஒரு உசிரு போயிருக்கு."

கை கழுவியதும் நேராகக் கேட்டாள். "வெளியதான நின்னாக?"

"வெளியதாம்மா."

கண்ணை மூடித் திறந்தாள். அவ்வளவுதான். "நாளைக்கு ஞாயித்துக்கெழம. செல்லத்தாய் மதினி வீட்டுல இருக்கும். அது மக மகேசும் அன்னைக்குப் போச்சு. அந்த மதினி ஒத்துக்கிட்டா தெரு ஒத்துக்கிடும். அதுகிட்டச் சொல்லுங்க. என்கிட்டச் சொல்லி என்ன."

சாயங்காலம் வெயில் சாய்ந்ததும் ஆலைப் பக்கம் நடந்தேன். கேட்டுக்குச் சீல் வைத்திருந்தது. கம்பி வேலி. வேலிக்கு அப்பால் தள்ளித் தள்ளிச் சிறு சிறு அறைகள், ஒன்று வெடித்தால் மற்றதைத் தொடக் கூடாது என்று. ஓர் அறை இருந்த இடத்தில் அறை இல்லை. சுற்றிலும் மண் ஒரு நிறமாகவும் அங்கே வேறு நிறமாகவும் இருந்தது. கேட்டுக்கு வெளியே ஒரு வேப்பமரம். மரத்தில் ஆணிகள். சட்டை மாட்ட, தூக்குவாளி மாட்ட. போட்டுவந்த சட்டையை மாற்றி, போனை அதன் பைக்குள் வைத்து இதில் மாட்டிவிட்டுத்தான் வேலு உள்ளே போவான் என்று முத்துலட்சுமி சொல்லியிருந்தாள். அன்றைக்கு ஓடிய ஓட்டத்தில் அந்தச் சட்டையை யார் எடுத்தார்கள், எங்கே போனது, தெரியாது. சட்டை கிடைத்திருந்தால் இந்தப் பேச்சே வந்திருக்காது.

மரத்தடியில் நின்றேன். அவன் நின்ற இடத்தில் நின்று, அவன் என்னிடம் பேசியதை மறுபடி கேட்க முயன்றேன்.

நான் கூப்பிட்டது கவிதை வாசிக்க இல்லை. ஒரு காலத்தில் எழுதிய கையோடு அவனுக்குத்தான் வாசித்துக் காட்டுவேன். "எனக்கு ஒண்ணும் வெளங்கலலே, ஆனா நல்லாருக்கு" என்பான். அதெல்லாம் நின்று வருடங்கள் ஆகியிருந்தன. அன்றைக்குக் கூப்பிட்டது பட்டாசுக்கு. வெளியூரில் இருக்கிற எவனுக்கும் சிவகாசியில் ஒரு சிநேகிதன் இருந்தால் தீபாவளிக்கு இரண்டு மாதம் முன்பு அவன் ஞாபகம் வந்துவிடும். எங்கள் தெருவில் எல்லாருக்குமாகப் பன்னிரண்டு பெட்டி வேண்டும், லிஸ்ட் அனுப்பவா என்று கேட்டேன்.

"வருசத்துக்கு ஒருக்கா கூப்பிடுத. அதும் வெடிக்குத்தாம்லே" என்று சிரித்தான். அப்போது டீக்காரரின் சைக்கிள் ஹார்ன் கேட்டது. அந்த ரப்பர்க் குமிழ் ஹார்ன். "இருலே, டீய வாங்கிக்கிடுறேன். வைக்காத. உங்கிட்ட ஒரு விசயம் சொல்லணும்."

டீ வாங்குகிற சத்தம். யாரோ சில்லறை கேட்கிற சத்தம். நான் குன்னூர் பஸ் ஸ்டாப்பில் நின்றுகொண்டிருந்தேன். வளைவில் பஸ்ஸின் முகம் தெரிந்தது.

"வேலு, பஸ் வந்துருச்சு. சாயங்காலம் பேசுறேன்" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டேன்.

அவன் சரி என்றானா என்பது கூட எனக்குத் தெரியாது. வேப்பமரத்தடியில் நின்று எவ்வளவு யோசித்தும் அது மட்டும் கேட்கவில்லை. வேலி வழியாகக் கண்ணாலேயே நடந்து பார்த்தேன், மரத்திலிருந்து அந்த வெறும் மண் வரைக்கும். வெறுங்காலோடு மெதுவாக நடந்தாலும் மூன்று நிமிடம். எட்டு மாதமாக நான் வராமலிருந்தது இந்த மூன்று நிமிடத்துக்காகத்தான். அவன் வெளியே நின்றான் என்று சொன்னால், அடுத்த கேள்வி ஒன்று இருக்கிறது. அதை யாரும் கேட்டுவிடக் கூடாது என்பதற்காக ஒரு பெண்ணை எட்டு மாதம் தெருவோரம் தள்ளி வைத்திருக்கிறேன்.

அன்று சிவகாசி லாட்ஜில் தங்கினேன். மேலே மின்விசிறி, கீழே காகிதம் வெட்டும் மிஷின். இரண்டும் ஒரே தாளத்தில் ஓடின. தூங்கினேன் என்றுதான் நினைக்கிறேன்.

ஞாயிறு காலை முத்துலட்சுமி என்னைச் செல்லத்தாய் வீட்டுக்குக் கூட்டிப்போனாள். இரண்டு வீடு தள்ளித்தான். வாசற்படியில் அவள் நின்றுவிட்டாள். உள்ளே வரவில்லை. யாரும் கூப்பிடவுமில்லை.

செல்லத்தாய்க்கு அறுபது இருக்கும். தரையில் உட்கார்ந்து முருங்கைக் கீரை உருவிக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்த்தார்.

"யாரு?"

"வேலுவோட சிநேகிதன்க்கா. குன்னூர்லருந்து வாரேன்."

"உக்காருங்க." கீரையை நிறுத்தவில்லை. "முத்து கூட்டியாந்திருக்கான்னா என்ன சொல்ல வந்தீகன்னு தெரியும். சொல்லுங்க."

சொன்னேன். அன்றைக்குக் கூப்பிட்டது நான். அவன் கேட்டுக்கு வெளியேதான் நின்றான்.

"நீங்க கண்டீகளா?"

"காணல."

"பொறவு?"

"டீ வண்டி ஹார்ன் கேட்டுச்சு. டீ வாங்கினான். காசு பேசினது கேட்டுச்சு."

கீரை உருவிய கை நின்றது. அவருக்கு அந்த ஹார்ன் தெரியும். இருபது வருடம் அதே ஆலையில் வேலை பார்த்தவர்.

"அந்த டீக்காரன் கேட்டுக்குள்ள வரமாட்டான்" என்றார், தனக்குத்தானே. "செத்தாலும் வரமாட்டான். மரத்தடிதான்." பிறகு என்னைப் பார்த்தார். "இத எட்டு மாசமாச் சொல்லாம வாயில என்னத்த வச்சிருந்தீக?"

பார்வையைத் திருப்பினேன். சுவரில் மகேசு இருந்தாள். பஸ்ஸுக்குக் காத்து நின்றபோது என் குடைக்குள் வந்து நின்ற பெண்ணின் வயதுதான்.

"வெளிய நின்னு டீ குடிச்ச மனுசன்" என்று செல்லத்தாய் மெல்ல, ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்தார். "கலவை முடிச்சுட்டு டீக்கு வந்தா வேலு கால் மணி நேரம் நிக்கும். நின்னு ஊர்க்கதை பேசும். மேனேசரு வந்து சத்தம் போட்டாத்தான் உள்ள வரும். எனக்குத் தெரியும். அன்னைக்கு ஏன் ஒடனே உள்ள போச்சு?"

அதுதான் அந்தக் கேள்வி. கேட்டே விட்டார்.

வாசற்படியில் முத்துலட்சுமி நின்றுகொண்டிருந்தாள். இதை அவளுக்கும் நான் சொல்லியிருக்கவில்லை.

"நான் பேச்ச முடிச்சுட்டேன்க்கா" என்றேன். "வைக்காதலே, ஒரு விசயம் சொல்லணும்னான். எனக்கு பஸ் வந்துருச்சு. வச்சுட்டேன். பேசிக்கிட்டு இருந்திருந்தா அங்கனயே நின்னுருப்பான்."

வெளியே யாரோ ஆட்டை விரட்டினார்கள். முத்துலட்சுமி படியில் உட்கார்ந்தாள். உட்கார்ந்த சத்தம்தான் கேட்டது. நான் திரும்பவில்லை.

"என்ன விசயம்?" அவள்தான் கேட்டாள்.

"தெரியலம்மா. நான் கேக்கல."

செல்லத்தாய் உருவிய கீரையை முறத்தில் தள்ளினார்.

"நீங்க வைக்காமப் பேசியிருந்தா வேலு இருந்திருக்கும்" என்றார். குரலில் ஏற்ற இறக்கம் இல்லை. "எம்புள்ள உள்ளதான இருந்தா. அவளுக்கு ஒரு பயலும் போன் போடல."

மன்னிப்புக் கேட்க இடமில்லை. அதைக் கேட்க வேண்டியவர்கள் வேறு யாரோ, கேட்கப்பட வேண்டியவள் சுவரில் இருந்தாள்.

"எதுல வெடிச்சுதுன்னே தெரியல" என்று அவரே தொடர்ந்தார். "உரசிச்சா, சூடா, ஒண்ணும் தெரியல. கம்பெனில போனுன்னு சொன்னாக. போனுன்னா அது கைல புடிக்கிற மாதிரி இருந்துச்சு. வையிறதுக்கு ஒரு ஆளு கெடச்சான். இப்ப அதும் இல்லன்னு ஆக்கிட்டீக." புறங்கையால் மூக்கைத் துடைத்தார். பிறகு வாசலைப் பார்த்துச் சத்தமாக, "ஏ முத்து, படில உக்காராத. உள்ள வா" என்றார்.

முத்துலட்சுமி எழவில்லை.

"வான்னா வாயேண்டி. எட்டு மாசம் கூப்பிடலதான். இப்பக் கூப்பிடுதேன்ல."

அவள் வந்தாள். சுவரோரம் உட்கார்ந்தாள். செல்லத்தாய் முறத்தை அவள் பக்கம் நகர்த்தினார். இருவரும் கீரை உருவ ஆரம்பித்தார்கள். ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்துச் செல்லத்தாய், "வார பங்குனிக்கு எம்பானைக்குப் பக்கத்துல வையி. எவ கேக்கான்னு பாக்கேன்" என்றார். முத்துலட்சுமி தலையை மட்டும் ஆட்டினாள். கண்ணீர் கீரை மேல் விழுந்தது. உருவுவதை நிறுத்தவில்லை.

நான் வந்த வேலை முடிந்தது. வந்த வேலை முடிந்தால் மனம் லேசாகும் என்று எந்த மடையன் சொன்னானோ. பட்டாசு வெடித்து முடிந்த தெருவில் காகிதம் பறக்குமே, அப்படி இருந்தது.

மத்தியானம் விலக்கில் பஸ்ஸுக்கு நின்றேன். இரண்டு பெண்களும் வந்தார்கள். கேதம் கேட்க வந்தவனை "போயிட்டு வாங்க" என்று சொல்லி அனுப்பக் கூடாது. அதனால் ஒன்றும் சொல்லாமல் நின்றார்கள். செல்லத்தாய் தன் முந்தானையின் ஒரு பாதியை முத்துலட்சுமியின் தலைக்கும் சேர்த்து வெயிலுக்குப் பிடித்திருந்தார். என் குடையை அங்கேயே கொடுத்துவிடலாமா என்று நினைத்தேன். அதில் அர்த்தம் ஒன்று வந்துவிடும் போல இருந்தது. கொடுக்கவில்லை.

செல்லத்தாய் வீட்டை விட்டு வந்ததிலிருந்து முத்துலட்சுமி என்னிடம் பேசவில்லை. சாப்பாடு போட்டாள், தண்ணீர் வைத்தாள், பையை எடுத்துக் கொடுத்தாள். ஒரு சொல் இல்லை. அவள் கேட்டதைக் கொடுத்துவிட்டேன். கேட்காத ஒன்றையும் சேர்த்துக் கொடுத்துவிட்டேன். இரண்டையும் வைத்துக்கொண்டு அவள் இனி என்ன செய்வாள் என்று எனக்குத் தெரியவில்லை. அவள் புருஷன் தப்புச் செய்யவில்லை. ஆனால் அவன் இருந்திருக்கலாம். முதல் சேதி இல்லாமல் எட்டு மாதம் தவித்தாள். இரண்டாவது சேதியோடு எத்தனை வருடமோ.

பஸ் வந்தது. ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தேன். கண்டக்டர் விசிலை வாயில் வைத்துக்கொண்டு யாரோ ஒரு கிழவரின் மூட்டைக்காகக் காத்திருந்தார். முத்துலட்சுமி முந்தானை நிழலை விட்டு வெளியே வந்து, ஜன்னலுக்குக் கீழே நின்றாள். சுடுகிற கம்பியைப் பிடித்துக்கொண்டு முகத்தை நிமிர்த்தினாள்.

"அண்ணே."

"சொல்லும்மா."

"அன்னைக்கு அந்தப் பஸ்ஸப் புடிச்சிட்டீகளா?"

விசில் அடித்தது. பொய் சொல்ல ஒரு நொடி இருந்தது.

"இல்லம்மா. கூட்டமா இருந்துச்சு. அடுத்த பஸ்லதான் போனேன்."